15 ஆண்டுகள் யாரும் பார்க்காத பிரேக்!

வெள்ளை நிறத்தில் ஒரு சின்னக் கார். வயது ஒன்பது. பெயிண்ட் கண்ணாடி போல மின்னுகிறது. சீட் உறை புதிது. முன் கண்ணாடி ஓரத்தில் ஒரு குட்டிப் பிள்ளையார்.

"ஒரே ஓனர் சார். வாத்தியார் வீட்டு வண்டி. ஆர்.சி. இருக்கு, இன்ஷூரன்ஸ் இருக்கு, புகை சர்டிபிகேட் இருக்கு. பேப்பர் எல்லாம் கரெக்ட். இதுக்கு மேலே என்ன சார் வேணும்?" என்கிறார் புரோக்கர்.

நெல்லித்தோப்பில் மட்டும் அல்ல, புதுச்சேரியில் எந்தத் தெருவில் பழைய கார் கைமாறினாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். கேட்டுக்கொண்டு நிற்பவர் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர். ஒரே ஸ்கூட்டரில் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றி அலுத்துப் போனவர். வயதான தாயாரை ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஒவ்வொரு முறையும் ஆட்டோ தேடியவர். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்திரா காந்தி சிலை அருகே தேங்கும் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர். அவர் சட்டைப் பையில் இருப்பது பல வருஷச் சேமிப்பு. சீட்டுக் கட்டி எடுத்த பணமாகவும் இருக்கலாம்.

பேப்பர் எல்லாம் இருக்கிறது. சரி. கார் நன்றாக இருக்கிறதா?

அதைப் பேப்பர் சொல்லாது. அந்தக் காரின் பிரேக்கை, ஸ்டீரிங்கை, டயரைச் சர்க்கார் தரப்பில் யாரும் இந்த ஒன்பது ஆண்டுகளில் சோதித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. சோதிக்க வேண்டும் என்று சட்டமே சொல்லவில்லை!

மஞ்சள் பலகை, வெள்ளைப் பலகை

இந்தியாவில் மோட்டார் வண்டிகளை ஆளுவது 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அந்தச் சட்டப்படி வாடகைக்கு ஓடும் வண்டிகள் எல்லாம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். லாரி, பஸ், ஆட்டோ, டாக்சி எல்லாம் இதில் அடங்கும். இதைத்தான் டிரைவர்கள் "எப்.சி. காட்டுவது" என்கிறார்கள். புது வண்டிக்கு முதல் இரண்டு ஆண்டுகள் கவலை இல்லை. பிறகு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை காட்ட வேண்டும். எட்டு வயதைத் தாண்டிவிட்டால் ஆண்டுதோறும் காட்ட வேண்டும்.

சொந்தக் காருக்கு அப்படி இல்லை. புதிதாக வாங்கிப் பதிவு செய்தால் அந்தப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பிறகுதான் காரை அதிகாரியிடம் கொண்டு போய் நிறுத்த வேண்டும். அவர் பார்த்துச் சரி என்றால் இன்னும் ஐந்து ஆண்டுகள் ஓட்டலாம்.

15 ஆண்டு என்றால் சும்மாவா? தொட்டிலில் கிடந்த குழந்தை பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிற காலம்! அத்தனை காலமும் காரின் பிரேக் நல்ல நிலையில் இருப்பது சொந்தக்காரரின் மனச்சாட்சியையும் அவருடைய மெக்கானிக்கையும் பொறுத்தது.

இரண்டு கார்களை எண்ணிப் பாருங்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஒரே நாளில் தொழிற்சாலையை விட்டு வந்தவை. ஒன்றுக்கு மஞ்சள் நம்பர் பலகை. அது டாக்சி. மற்றொன்றுக்கு வெள்ளைப் பலகை. அது வீட்டுக் கார். பத்தாவது வயதுக்குள் டாக்சி பலமுறை சோதனைக்குப் போய் வந்துவிடும். வீட்டுக் கார் ஒருமுறைகூடப் போயிருக்காது. டாக்சி அதிக தூரம் ஓடுகிறது, காசு கொடுத்து ஏறும் ஜனங்களைச் சுமக்கிறது என்று இதற்குக் காரணம் சொல்லலாம். நியாயமான காரணம்தான். ஆனால் மறைமலை அடிகள் சாலையில் குறுக்கே போகும் கிழவிக்கு, மோத வருவது மஞ்சள் பலகையா வெள்ளைப் பலகையா என்பதில் என்ன வித்தியாசம்?

"புகைச் சோதனை செய்கிறோமே!" என்று சிலர் சொல்லுவார்கள். செய்கிறோம். 2017-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம், புகைச் சான்று இல்லாத வண்டிக்கு இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கக்கூடாது என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. 2024-ல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. ஆனால் அந்தச் சோதனை என்ன? சைலன்சர் குழாய்க்குள் ஒரு கருவியை நுழைத்து, வெளியே வரும் வாயுவை அளக்கிறார்கள். அவ்வளவுதான். பிரேக்கே பிடிக்காத காரும் புகைச் சோதனையில் ஜம்மென்று தேறிவிடும்!

15 ஆனதும் என்ன நடக்கிறது?

இந்தக் கேள்வி இப்போது ஏன் பெரிதாகிறது என்றால், சின்னக் கார்களுக்கு வயதாகிவிட்டது. முதல் மாருதி 800 காரின் சாவி 1983 டிசம்பரில் கொடுக்கப்பட்டது. 1998-ல் ஹூண்டாய் கம்பெனி சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ கார் செய்யத் தொடங்கியது. டாடாவின் இண்டிகாவும் அதே ஆண்டு அறிமுகமானது. அதற்குப் பிறகு சின்னக் கார் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டிவிட்டது. 2010-ல் பதிவான கார் 2025-ல் 15 வயதைத் தொட்டது. அந்த வயதுக் கார்கள்தான் இப்போது குறைந்த விலைக்குச் சந்தைக்கு வருகின்றன.

15 வயதான காரை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டு போகிறார்கள். அங்கே மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கிறார். தமிழ் ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் "பிரேக் இன்ஸ்பெக்டர்". பொருத்தமான பெயர்! என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பார்க்கிறார். விளக்கு, ஹார்ன், வைப்பர், கண்ணாடி, டயர் ஆகியவற்றைப் பார்க்கிறார். கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக் போட்டுப் பார்க்கிறார்.

கண்ணும் காதும் காலும்தான் அவருக்குக் கருவி. அனுபவம் உள்ளவர் அதை வைத்தே நிறையக் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அந்த அனுபவத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் லைனிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. இடது சக்கரத்தின் பிரேக் வலது சக்கரத்தைவிடக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கிறது என்பது மெதுவாக ஓட்டும்போது தெரியாது. ஈரச் சாலையில் அவசரமாக மிதிக்கும்போதுதான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்? மேலும், ஒரே காரை இரண்டு அதிகாரிகள் பார்த்தால் இரண்டு முடிவு வரலாம். ஒருவர் "பரவாயில்லை" என்பதை மற்றவர் "மாற்றிக்கொண்டு வா" என்பார். அளந்து எழுதாத சோதனையில் இது தவிர்க்க முடியாதது.

இதற்கான கட்டணம் மட்டும் நன்றாக ஏறிவிட்டது. 15 வயதான காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 வயதைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கினார்கள். பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து குறைக்க வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் சரிதான். ஆனால் கட்டணம் ஏறியதால் பிரேக் நன்றாகப் பிடிக்கப் போவதில்லை!

டில்லியில் வேறு வழியில் போனார்கள். 10 வயதைத் தாண்டிய டீசல் வண்டியும் 15 வயதைத் தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அங்கே வண்டியின் உடம்பைப் பார்க்கவில்லை, வயதைப் பார்த்தார்கள். நன்றாகப் பராமரித்த 16 வயதுக் காரும் இருக்கிறது. நாசமான ஆறு வயதுக் காரும் இருக்கிறது. வயதைக் கேட்டு வைத்தியம் செய்யும் டாக்டர் உண்டா?

எந்திரம் பொய் சொல்லுமா?

மனிதக் கண் போதாது என்று உணர்ந்த மத்திய சர்க்கார், 2021 செப்டம்பரில் புதிய விதிகளைக் கொண்டு வந்தது. தானியங்கிச் சோதனை நிலையங்கள் அமைப்பதற்கான விதிகள் அவை. கனரக வண்டிகளில் தொடங்கிப் படிப்படியாக மற்ற வண்டிகளுக்கும் இந்த நிலையங்களைக் கட்டாயமாக்குவது திட்டம். கட்டாயமாக்கும் தேதி ஒருமுறைக்கு மேல் தள்ளிப் போடப்பட்டது.

இந்த நிலையத்தில் என்ன நடக்கிறது? காரின் சக்கரங்கள் தரையில் பதித்த உருளைகள் மீது ஏறி நிற்கின்றன. உருளைகள் சக்கரத்தைச் சுழற்றுகின்றன. பிரேக்கை மிதித்ததும், ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்பதை எந்திரம் அளந்துவிடுகிறது. இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் எண்ணாக வந்துவிடும். இன்னொரு தகட்டின் மீது ஓட்டினால், சக்கரம் நேராகப் போகிறதா, பக்கவாட்டில் இழுக்கிறதா என்று தெரிந்துவிடும். வேறோர் எந்திரம் சக்கரத்தை ஆட்டி, ஸ்டீரிங் மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்று காட்டும். ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணைக் குத்துகிறதா என்பதையும் கருவியே சொல்லும்.

அந்த விதிகளில் மிகச் சிறந்த விதி எந்திரத்தைப் பற்றியது அல்ல. சோதனை நிலையம் நடத்துபவர் வண்டி விற்கக்கூடாது, பழுது பார்க்கக்கூடாது, உதிரிப் பாகம் விற்கக்கூடாது என்கிறது ஒரு விதி. "உங்கள் பிரேக் போய்விட்டது" என்று சொல்பவரே "நான் மாற்றித் தருகிறேன், இவ்வளவு ஆகும்" என்றும் சொன்னால் நம்புவது எப்படி? அந்த ஆசையை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

எந்திரம் பொய் சொல்லாது. ஆனால் அதுவும் அந்த ஒரு நாளை மட்டும்தான் பார்க்கிறது.

சோதனைக்கு முன்தினம் நான்கு நல்ல டயர்களைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு போய், மறுநாள் கழற்றிவிட்டால் எந்திரம் என்ன செய்யும்? இன்று தேறிய பிரேக், ஆறு மாதம் கழித்துத் தேய்ந்து போனால் சான்றிதழ் தானாகக் கிழிந்து விழுமா? இன்னொன்றும் உண்டு. கிளட்ச் போகப் போகிறதா, கியர் பெட்டி கரகரக்கிறதா, என்ஜின் ஆயிலைக் குடிக்கிறதா என்பதை எல்லாம் தகுதிச் சோதனை சொல்வதில்லை. சாலையில் மற்றவருக்கு ஆபத்து இல்லாமல் ஓடுமா என்பதே அதன் கேள்வி. வாங்குபவருக்குச் செலவு வைக்குமா என்பது அதன் கவலை அல்ல. ஆகவே "எப்.சி. இருக்கு சார்" என்பதை "நல்ல கார் சார்" என்று காதில் வாங்கிக்கொண்டால், தவறு சான்றிதழ் மீது இல்லை.

நார்வேயில் ஒரு சோதனை

அடிக்கடி சோதித்தால் விபத்து குறையுமா? குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நார்வே நாட்டில் இதைப் பரீட்சை செய்தே பார்த்தார்கள். மொத்தம் 2,04,000 கார்கள். அவற்றை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். 46,000 கார்களை ஆண்டுதோறும் சோதித்தார்கள். இன்னொரு 46,000 கார்களை மூன்று ஆண்டுகளில் ஒரே ஒரு முறை சோதித்தார்கள். மீதி 1,12,000 கார்களைச் சோதனைக்கே அழைக்கவில்லை. முடிவு 1992-ல் வெளிவந்தது.

சோதித்த கார்களின் நிலைமை நன்றாக இருந்தது. பழுதுகள் குறைந்திருந்தன. ஆனால் விபத்து எண்ணிக்கையில் மூன்று கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை!

ஆச்சரியமாக இருக்கிறது அல்லவா? பிரேக் சரியில்லை என்று தெரிந்தவர் மெதுவாகப் போகிறார், கார் கச்சிதமாக இருக்கிறது என்று நம்புகிறவர் வேகமாகப் போகிறார் என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம் 2010-ல் சொந்தக் கார்களின் பாதுகாப்புச் சோதனையையே நிறுத்திவிட்டது. டெக்சாஸ் 2025 ஜனவரியில் நிறுத்தியது.

அதற்காக இங்கேயும் சோதனை வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. நார்வேயில் சோதனைக்கு அழைக்காத காரையும் சொந்தக்காரர் ஒர்க்ஷாப்புக்கு அனுப்புகிறார். அங்கே போலீசாரும் அதிகாரிகளும் சாலையில் நிறுத்திப் பார்ப்பது உண்டு. இங்கே வழுக்கை டயரோடு மூன்று மழைக்காலம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் 2022-ம் ஆண்டில் மட்டும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் வேகம் பெரும் பங்கு வகிக்கிறது. ஆகவே நார்வேக் கதை சொல்வது ஒன்றுதான்: சான்றிதழை நம்பிக் காலை அழுத்தாதே!

பிரெஞ்சுக்காரர்களின் ஏற்பாடு

புதுச்சேரியில் எத்தனையோ குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவு உண்டு. அந்த உறவினர்களைக் கேட்டால் ஒரு விஷயம் சொல்வார்கள்.

பிரான்சில் 1992 முதல் சொந்தக் கார்களுக்கும் தவணைச் சோதனை உண்டு. புதுக் காருக்கு நான்கு ஆண்டு முடிந்ததும் முதல் சோதனை. பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. சோதிப்பவர் பழுது பார்க்கக்கூடாது. பழுதை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். சின்னப் பழுதானால் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பெரிய பழுதானால் இரண்டு மாதத்துக்குள் சரி செய்து மறுபடியும் காட்ட வேண்டும். உயிருக்கு ஆபத்தான பழுதானால் அன்று இரவோடு அந்தக் கார் ஓடக்கூடாது.

இதைவிட முக்கியமானது வேறொன்று. நான்கு வயதைத் தாண்டிய காரைத் தனி மனிதருக்கு விற்க வேண்டுமானால், ஆறு மாதத்துக்குள் எடுத்த சோதனை அறிக்கையை விற்பவர் கொடுத்தாக வேண்டும். வாங்குபவர் கையில் பணம் இருக்கும்போதே காரின் குறை அவர் கண் முன்னால் எழுத்தில் இருக்கிறது. பேரம் பேசுவதானால் அதை வைத்துப் பேசலாம். வேண்டாம் என்றால் போய்விடலாம்.

இங்கிலாந்தில் சோதனை தொடங்கியது 1960 செப்டம்பரில். முதலில் 10 வயதான கார்களுக்கு மட்டும்தான். தேறாத கார்கள் அவ்வளவு அதிகமாக இருந்தபடியால், 1961-லேயே அதை ஏழு வயதாகக் குறைத்தார்கள். 1967-ல் மூன்று வயதாக்கினார்கள். இன்று அங்கே ஒரு காரின் நம்பரைக் கொடுத்தால் போதும். அது எந்த ஆண்டில் தேறியது, எதனால் தோற்றது, அப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது என்பதை யார் வேண்டுமானாலும் காசு இல்லாமல் பார்க்கலாம். மீட்டரைத் திருப்பி வைத்து விற்கிறவர் அங்கே சுலபமாக மாட்டிக்கொள்வார். ஆனால் அந்த நாட்டு சர்க்காரும் சோதனைச் சான்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை தருகிறது: சோதித்த நேரத்தில் குறைந்தபட்சத் தகுதி இருந்தது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி.

தமிழர் நிறைந்த சிங்கப்பூரில் மூன்று வயது முதல் பத்து வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு சோதனை. அதற்கு மேல் ஆண்டுதோறும்.

இந்த ஏற்பாடுகளில் நம் நாட்டுக்கு முதலில் தேவைப்படுவது பிரெஞ்சுக்காரர்களின் விற்பனை விதிதான். எல்லாச் சொந்தக் கார்களையும் ஆண்டுதோறும் வரிசையில் நிறுத்த நம்மிடம் நிலையங்கள் இல்லை. ஆனால் கைமாறுகிற காரை, கைமாறும்போது ஒருமுறை பார்க்கலாம். பெயர் மாற்றத்துக்கு மனு வரத்தானே போகிறது? அதோடு ஒரு சோதனை அறிக்கையும் சேர்ந்து வந்தால் என்ன? இதைப் புதுச்சேரி தனியாகச் செய்துவிட முடியாது. பதிவு விதிகள் டில்லியில் எழுதப்படுகின்றன.

உப்புக் காற்றும் வெள்ளமும்

அது வரையில் வாங்குபவரேதான் இன்ஸ்பெக்டர்!

புதுச்சேரிக் காருக்கு இரண்டு சத்துருக்கள். ஒன்று கடல் காற்று. மற்றொன்று வெள்ளம்.

2024 நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. வீட்டு வாசலிலும் தெருவிலும் நின்ற கார்கள் தண்ணீரில் கிடந்தன. 2015 டிசம்பரில் சென்னையிலும் இதே கதி. அப்படி மூழ்கிய கார்கள் எல்லாம் எங்கே போயின? சில காயலான் கடைக்குப் போயின. மற்றவை கழுவித் துடைத்து மறுபடியும் ஓடுகின்றன. தண்ணீர் புகுந்த ஒயரிங் உடனே சாவதில்லை. மூட்டுகளில் மெல்லப் பாசி பிடிக்கும். பல மாதம் கழித்து, நடு ரோட்டில் விளக்கு அணையும், என்ஜின் நிற்கும். பிரேக்கை அளக்கும் எந்திரத்துக்கு இது தெரியாது.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பாகத்தைத்தான் கழுவியிருப்பார்கள். உள்ளே சுருண்டிருந்த பாகத்தில் சேற்றுக் கோடு இருந்தால் கார் குளித்திருக்கிறது என்று பொருள்! தரை விரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். ஊதுவத்தி, சென்ட் வாசனை தூக்கலாக இருந்தால் சந்தேகம் இன்னும் அதிகமாக வேண்டும். சீட்டைத் தரையோடு பூட்டியிருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். கூரைக்குக் கீழே இருக்கும் அந்த போல்ட் ஏன் துருப்பிடிக்க வேண்டும்?

துரு வேறு வகை வியாதி. கதவின் அடி விளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, என்ஜின் அறையில் ஸ்பிரிங் வந்து முட்டும் மேடை, பேட்டரி உட்காரும் தட்டு ஆகிய நான்கு இடங்களையும் பார்க்க வேண்டும். மேலே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்தால் ஓட்டை மறைந்துவிடும். ஆகவே விரலால் தட்டிப் பார்ப்பது நல்லது. தகரத்தின் ஒலி வேறு, பட்டியின் ஒலி வேறு. டிங்கரிங் வேலை தெரிந்தவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

டயரைப் பொறுத்தவரை கணக்கு சுலபம். காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்பது விதி. டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் ஏழு, எட்டு வயதான டயர் என்றால் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது ரேடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். காலியான சாலையில் 30, 40 கி.மீ. வேகத்தில் போய், பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பிரேக்கை நன்றாக மிதியுங்கள். கார் ஒரு பக்கமாக இழுத்தால் அந்தப் பிரேக் சமமாகப் பிடிக்கவில்லை. மேட்டில் நிறுத்தி ஹாண்ட் பிரேக்கைப் போட்டுப் பாருங்கள். இதெல்லாம் தெரியாதவர்கள், வழக்கமாகப் போகும் மெக்கானிக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போகலாம். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம்! மூன்று லட்ச ரூபாய்ப் பொருளுக்குச் சில நூறு ரூபாய் கூலி கொடுக்கத் தயங்குகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கத்தரிக்காயைக்கூட அழுத்திப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம்.

தகுதி வேறு, பத்திரம் வேறு

கார் எந்த ஆண்டு செய்தது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நல்ல பிரேக் உள்ள கார், மோதினால் உள்ளே இருப்பவரைக் காக்கும் என்று அர்த்தம் இல்லை. 2014 ஜனவரியில் இந்தியாவில் நன்றாக விற்ற ஐந்து சின்னக் கார்களை வெளிநாட்டில் மோதவிட்டுப் பார்த்தார்கள். ஆல்டோ 800, நானோ, ஐ10, பிகோ, போலோ ஆகிய ஐந்தும் காற்றுப் பை இல்லாத மாடல்கள். ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம்!

அதன் பிறகுதான் சட்டம் இறுகியது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக், எல்லாப் புதுக் கார்களுக்கும் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம் ஆயிற்று. டிரைவருக்குக் காற்றுப் பை 2019 ஜூலை முதல் கட்டாயம். அதற்கு முந்திய காரில் அவை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஸ்டீரிங் நடுவில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 2018 காருக்கும் 2020 காருக்கும் விலையில் வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால், குழந்தை குட்டிகளோடு போகிறவர் இதை யோசிக்க வேண்டும்.

பெயர் மாற்றம்

கடைசியாகப் பேப்பர். அது காரின் உடம்பைச் சொல்லாது என்றாலும் காரின் ஜாதகத்தைச் சொல்லும். முன்பு டாக்சியாக ஓடியதா, எத்தனை கை மாறியது, பாங்கில் கடன் பாக்கி இருக்கிறதா என்பவை அதில் தெரியும். எம்-பரிவாகன் என்ற சர்க்கார் செயலியில் நம்பரைக் கொடுத்தும் சில விவரங்களைப் பார்க்கலாம். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரைக் காரின் தகட்டோடு ஒவ்வோர் எண்ணாக ஒத்துப் பார்க்க வேண்டும். ஓடிய கிலோமீட்டர் ஆர்.சி.யில் இராது. மீட்டர் 40,000 என்று காட்ட, பிரேக் மிதிகட்டையின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் ரப்பரை நம்புவதே மேல்!

புதுச்சேரியில் வண்டி வரி அண்டை மாநிலங்களைவிடக் குறைவு என்பதால் "பி.ஒய்." நம்பருக்கு வெளியூரில் எப்போதும் ஒரு மோகம். இங்கே வசிக்காமலே இங்கத்து முகவரியில் சொகுசுக் கார்களைப் பதிவு செய்ததாக 2017-ல் கேரளாவில் பெரிய விவகாரமே நடந்தது. "பி.ஒய்." காரை வாங்கித் தமிழ்நாட்டிலேயே வைத்துக்கொள்ளப் போகிறவர் தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே வரி கட்டி, புது நம்பர் வாங்க வேண்டும். சல்லிசான விலை அப்போது சல்லிசாகத் தெரியாது. நெல்லித்தோப்பில் குடியிருந்து நெல்லித்தோப்பில் ஓட்டுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. பணம் வந்தது, சாவியைக் கொடுத்தோம், தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தீரவில்லை! பல கை மாறிய ஒரு கார் மோதி உயிர்ப்பலி ஏற்பட்ட வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் காரை விற்று வெகு காலம் ஆகியிருந்தது. பெயர் மாற்றம் மட்டும் நடக்கவில்லை. ஆகவே உள்ளூரிலேயே விற்பவர் 14 நாட்களுக்குள் 29-ம் எண் படிவத்தைக் கொடுத்து, அத்தாட்சியை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாங்கியவர் 30-ம் எண் படிவத்தை 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்.